மருந்து சுமந்தவர்கள்

வாளும் வேலும் வில்லும் தமிழ்ப் பாட்டில் பெற்ற இடத்தைத் துப்பாக்கி பெறவில்லை. புறநானூற்றின் 95ஆம் பாட்டில், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலையும் அதியமானின் வேல்கள் செப்பனிடப் பெறும் கொல்லன் உலைக்களத்தையும் எதிரெதிரே நிறுத்தி, அழகுறக் கிடக்கும் கருவியினும் சிதைந்து கிடக்கும் கருவியே மேலானது என்று ஔவையார் குறிப்பால் உணர்த்துகிறார். கருவியின் நிலை கொண்டு வேந்தனின் நிலையை அளக்கும் அந்தப் பார்வை நம் புறத்திணை மரபின் பெருமிதம்.

ஆனால் ஔவையார் கண்ட கருவிக்கும் பின்னாளில் நம் மண்ணிற்கு வந்த கருவிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. வேலை நெய் பூசி மூலையில் சாத்தி வைக்கலாம்; ஆண்டு கழித்து எடுத்தாலும் அது வேலே. துப்பாக்கி அப்படிப்பட்டதன்று. மருந்து இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழல். அந்த மருந்தோ மழைக்கு அஞ்சும்; பொறிக்கு அஞ்சும்; உராய்வுக்கும் அஞ்சும். போர்க்களத்திற்கு அதனைக் கெடாமலும் வெடிக்காமலும் சுமந்து சென்றவர் யார்? சுமந்தவர்க்கு நேர்ந்தது என்ன? வெற்றியையும் தோல்வியையும் மட்டும் எழுதும் வரலாறு இவ்வினாக்களை எழுப்புவது அரிது. கவிஞர்கள் கூடும் இவ்வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சொல் காட்டும் வழி

முதலில் சொல்லை நோக்குவோம். சிப்பாய், லஸ்கர் ஆகியன பாரசீக வழி வந்தவை. பட்டாளம் ஐரோப்பியச் சொல்லின் திரிபு. துப்பாக்கி துருக்கியத் தொடர்புடையது. பீரங்கி 'பரங்கி' என்னும் பெயரோடு உறவுடையது. தோட்டா வடபுலத்திலிருந்து வந்தது. கருவியும் படையும் அயற்பெயர் பூண்டு வந்திருக்க, அதன் உயிராகிய பொடிக்கு மட்டும் நாம் நம் வீட்டுச் சொல்லையே வைத்தோம்: மருந்து. திருவள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குத் தலைப்பாக்கிய அதே சொல். நோய் தீர்ப்பதும் மருந்து; உயிர் பறிப்பதும் மருந்து.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் 'மத்து', தெலுங்கில் 'மந்து', மலையாளத்தில் 'மருந்நு' என இம்மூன்று மொழிகளிலும் மருத்துவப் பொருளும் வெடிப்பொருளும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. பாரசீகத்தின் 'தாரு' என்னும் சொல்லும் அப்படியே. எல்லாவற்றிற்கும் மூத்த சீனப் பெயர் 'ஹுவோ யாவ்', அதாவது நெருப்பு மருந்து. சாவாமைக்கு மருந்து தேடிய சீனத் துறவியர் ஒன்பதாம் நூற்றாண்டளவில் வெடியுப்பையும் கந்தகத்தையும் தேனோடு சேர்த்துச் சூடாக்கிக் கையும் முகமும் சுட்டுக்கொண்ட செய்தி அவர்தம் நூலிலேயே எச்சரிக்கையாக இடம் பெற்றுள்ளது. 1044இல் தொகுக்கப் பெற்ற சீனப் படைநூலில் வெடிமருந்தின் கலவை முறைகள் எழுதப்பட்டுவிட்டன. சாவாமையைத் தேடிய கை சாவைக் கண்டெடுத்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

கலவையின் அளவு பிற்காலத்தில் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இவற்றுள் வெடியுப்பே தலையாயது. பழஞ்சுவர் அடியிலும் மாட்டுத்தொழுவத்திலும் பூக்கும் உவர்மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி அதனை எடுத்தனர். தமிழகத்தில் உப்பிலியர் என்னும் சமூகத்தார் உப்போடு இவ்வெடியுப்பையும் காய்ச்சினர். பீகாரிலிருந்து கப்பல் கப்பலாக இங்கிலாந்து சென்ற வெடியுப்பு கும்பினியின் பெருவாணிகங்களுள் ஒன்று. நம் மண்ணின் உவரே பொடியாகித் துப்பாக்கிக்குள் புகுந்து நம்மையே நோக்கி வந்தது.

ஒரு தோட்டாவின் உடற்கூறு

இனி அது சுமக்கப்பட்ட முறையைக் காண்போம். திரித்துப்பாக்கிக் காலத்தில் வீரன் கொம்பிலோ தோலிலோ செய்த குடுவையில் மருந்தைக் கட்டித் தொங்கவிட்டான்; இன்னொரு கையில் எரியும் திரி. மருந்தும் நெருப்பும் ஒரே உடலில் ஒரு முழ இடைவெளியில் இருந்தன. அதன்பின் சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் துப்பாக்கியும் காகிதத் தோட்டாவும் வந்தன. ஒரு வெடிப்புக்குரிய மருந்தும் ஈயக்குண்டும் ஒரு காகிதச் சுருளில் அடங்கின. சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழிப்பான், சிறிது மருந்தைப் பொறிக்கிண்ணத்தில் இடுவான், எஞ்சியதைக் குழல்வாயில் கொட்டுவான், குண்டையும் காகிதத்தையும் கோலால் இடித்து இறுக்குவான், சுடுவான். நன்கு பழகியவன் இதனை நிமிடத்திற்கு மூன்று முறை செய்வான். முன்பற்கள் இல்லாதவன் படைக்கு ஆகான் என்னும் விதி இதனால் பிறந்தது.

இத்தோட்டாக்கள் மடிப்பு மூடியிட்ட தோற்பையில், துளையிட்ட மரக்கட்டைக்குள் வரிசையாகச் செருகப்பட்டுத் தோள்வாரில் தொங்கின. ஓர் ஈயக்குண்டு ஏறத்தாழ 32 கிராம்; மருந்து ஏறத்தாழ 10 கிராம். அறுபது தோட்டா என்றால் இரண்டரைக் கிலோ. ஒரு பச்சிளங் குழந்தையின் எடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவன் ஓடினான் என்று கொள்ளலாம். அக்குழந்தை வெடிக்கக்கூடியது என்பது மட்டுமே வேறுபாடு.

மருந்து எரிந்தால் அதன் பாதிக்கு மேற்பட்ட பகுதி திடப்பொருளாகவே எஞ்சும். களத்தை மூடும் வெண்புகை அதுவே. குழலின் உட்சுவரில் படியும் கரிக்கட்டியும் அதுவே. சில முறை சுட்டபின் குண்டு உள்ளே இறங்காது முரண்டும். அக்கட்டியை இளக்கவே கொழுப்பு தேவைப்பட்டது. வரலாற்றைப் புரட்டிய அந்தக் கொழுப்பு முதலில் ஒரு தொழில்நுட்பத் தேவையே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கில அதிகாரிகள் சொந்தப் பணத்தில் வாங்கிய கோல்ட், ஆடம்ஸ் சுழல் துப்பாக்கிகளுக்கும் இதே தேவை இருந்தது. சுழலும் உருளையின் ஐந்து அல்லது ஆறு அறைகளிலும் தனித்தனியே மருந்தை அளந்து இட்டு, குண்டை நெம்பி அழுத்தி, அறைவாயில் கொழுப்பையோ மெழுகையோ பூசி, பின்புறம் வெடித்தொப்பி பொருத்த வேண்டும். அந்தப் பூச்சு இல்லையேல் ஓர் அறையின் நெருப்பு அடுத்த அறைக்குத் தாவி எல்லாம் ஒருசேர வெடிக்கக்கூடும். ஆகவே அதிகாரியின் பையில் மருந்துக் குடுவை, அளவுக்குழாய், குண்டுகள், தொப்பிச் சிமிழ், கொழுப்பு என ஒரு சிறு பட்டறையே இருந்தது. அதிகாரிக்குக் கொழுப்பு கைப்பக்குவம். சிப்பாய்க்கு அது வாய்க்குள் போகும் பொருள். வேறுபாடு அங்கேதான்.

மழையின் கொடுமையைப் பிளாசி சொல்லும். 1757 ஜூன் 23 அன்று நண்பகல் பெய்த மழையில் நவாபின் பீரங்கி மருந்து நனைந்தது. கும்பினியார் தார்ப்பாயால் மூடித் தம் மருந்தைக் காத்தனர். சூழ்ச்சியும் காட்டிக்கொடுத்தலும் அப்போரை முடிவு செய்தன என்பது மெய். ஒரு தார்ப்பாயின் பங்கும் அதில் உண்டு என்பதும் மெய்.

கொசத்தலையாறும் புள்ளலூரும்

நம் எண்ணூர்க் கழிமுகத்தில் கடல் புகும் கொசத்தலையாறு இக்கதையில் ஒரு பாத்திரம் என்பதை நம் பகுதியார் பலரும் அறியார். 1780இல் ஐதர் அலி கருநாடகத்தின் மீது படையெடுத்தபோது, கும்பினியின் படைத்தலைவன் பெய்லி வடக்கே கும்மிடிப்பூண்டி வழியாகத் தெற்கு நோக்கி வந்தான். காஞ்சிபுரத்தில் மன்றோவின் பெரும்படையோடு சேர வேண்டும் என்பது ஆணை. ஆகஸ்ட் 25 அன்று அவன் கொசத்தலையாற்றின் வடகரையை அடைந்தபோது ஆறு ஏறத்தாழ வறண்டு கிடந்தது. நாளை கடக்கலாம் என்று கரையிலேயே பாசறை இறங்கினான். அன்றிரவு மேற்கே பெய்த மழையில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் தொடக்கம்வரை அவனால் ஆற்றைக் கடக்க இயலவில்லை.

பொதி மாடும் மருந்து வண்டியும் கொண்ட படை நீந்திக் கடக்கும் படையன்று. ஆள் நனைந்தால் காய்வான். மருந்து நனைந்தால் மருந்தாகாது. அந்தக் காத்திருப்பு ஐதருக்கும் திப்புவுக்கும் காலம் கொடுத்தது. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தருகே திப்பு பெய்லியை மறித்துத் தாக்கினார். மன்றோ அனுப்பிய துணைப்படை வந்து சேர்ந்தும் பயனில்லை. செப்டம்பர் 10 அன்று காலை புள்ளலூரில் பெய்லியின் படை நாற்புறமும் வளைக்கப்பட்டது. அந்நேரத்தில் அவனுடைய மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சதுரமாக அணிவகுத்து நின்ற படையின் நடுவே நிகழ்ந்த வெடிப்பு அது. அதன்பின் எஞ்சியது மருந்தில்லாத துப்பாக்கிகள். இந்தியாவில் கும்பினி அதுவரை கண்ட தோல்விகளுள் இதுவே பெரிது என்பர். காஞ்சியில் இருந்த மன்றோ தன் பெரும்பீரங்கிகளைக் கோயிற்குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினான். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தில் அந்த மருந்து வண்டி வெடிக்கும் காட்சியை இன்றும் காணலாம்.

புள்ளலூர் தமிழ் வரலாற்றிற்குப் புதிய ஊரன்று. பல்லவன் மகேந்திரவர்மன் தன் பகைவரை வென்ற களம் என்று காசக்குடிச் செப்பேடு கூறும் ஊர் அது. அவ்வூரில் ஆங்கில அதிகாரிகள் இருவர்க்கு நினைவுத்தூண்கள் நிற்கின்றன. மருந்து வண்டியை ஓட்டியவர்க்குத் தூண் இல்லை. மாடு பிடித்தவர், பொதி ஏற்றியவர், பீரங்கியை இழுத்த லஸ்கர்கள் ஆகியோர் ஊதியப் பட்டியலில் எண்ணிக்கையாக இருந்தனர். களத்தில் வெடிப்புக்கு மிக அருகில் இருந்தனர். நினைவில் எங்கும் இல்லை.

இந்த லஸ்கர்களின் தலைவனுக்குக் கும்பினிப் படையில் வழங்கிய பெயர் 'தண்டேல்' என்பது நமக்கு வியப்பளிக்கும். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் படகோட்டிகளின் தலைவனுக்கு வழங்கும் சொல் அன்றோ அது? சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பலில் வந்த எப்பொருளும் அலையைக் கடந்து மசூலாப் படகில்தான் கரை சேர்ந்தது. கடலில் சுமந்தவனும் களத்தில் சுமந்தவனும் ஒரே பெயரில் அழைக்கப்பட்டது தற்செயலன்று. இருவரும் பிறர் பொருளைத் தம் உயிரில் வைத்துக் கடத்தியவர்கள்.

வேலூரும் மீரட்டும்

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களின் முதற்குறை தோட்டா பற்றியதன்று. புதிய தலைப்பாகையில் தைத்த தோல், அணிவகுப்பில் காதணிக்கும் சமயக் குறிக்கும் வந்த தடை ஆகியனவே உடனடிக் காரணங்கள். எனினும் அந்நாளின் முடிவை மருந்தே எழுதியது. கோட்டைமதிலில் ஒதுங்கி நின்ற ஏறத்தாழ அறுபது வெள்ளைச் சிப்பாய்களிடம் தோட்டா தீர்ந்துவிட்டது. ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லஸ்பி மதிலுக்கு மேலே தூக்கப்பட்டான். தோட்டாப்பை தாங்கும் தோள்வார்களையே பிணைத்துத் தூக்கினர் என்பது வழங்கிவரும் செய்தி. மேலே ஏறியவன் தோட்டா இல்லாதவர்களைத் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாயச் செய்தான். பின்னர் அவனுடைய பீரங்கிகள் வந்து கதவைத் தகர்த்தன. அதன்பின் நடந்த பழிவாங்கலில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர்.

ஐம்பதாண்டு கழித்து அதே தோலும் கொழுப்பும் வடக்கே தோட்டாவின் வடிவில் வந்தன. 0.577 அங்குலக் குழல் கொண்ட என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவப்பட்டிருக்கிறது என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் எழுந்தது. அரசு பயிற்சி முறையை மாற்றிற்று: பல்லால் கடிக்க வேண்டா, கையால் கிழிக்கலாம் என்றது. அச்சம் தணியவில்லை, மாற்றியதே ஐயத்திற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைவீரர்களுள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று வழங்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. மே 9 அன்று அவர்கள் படையின் முன்னிலையில் விலங்கிடப்பட்டனர். மே 10 அன்று மீரட் எழுந்தது. அம்மாதத்திலேயே சென்னையிலிருந்து கப்பலேறிய ஐரோப்பியப் படையின் தலைவன் நீல் காசியிலும் அலகாபாத்திலும் செய்த கொடுமைகளையும், அவனுக்கு நம் நகரில் வைத்த சிலையை எதிர்த்து 1927இல் மக்கள் போராடியதையும் நாம் அறிவோம்.

பழைய வகைத் தோட்டாவை ஏன் மறுத்தனர்? இவ்வினாவை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடும் ஆசிரியர் உளர். அது பொருந்தாது. ஒரு பொருளைத் தினமும் வாயால் தொடுமாறு பணிக்கப்பட்டவனுக்கு அது எதனால் ஆனது என்று கேட்கும் உரிமை உண்டு. கேட்டபோது நேரிய விடை வரவில்லை. வந்த விடையை நம்புவதற்குரிய உறவும் இல்லை. மருந்தைச் சுமப்பவனுக்கும் சுமக்கச் சொல்பவனுக்கும் இடையே நம்பிக்கை அறுந்துபோனதே வெடிப்பு. கொழுப்பு அதன் திரி.

பறிக்கப்பட்ட கருவி

தென்னாட்டில் இதற்கு ஓர் எதிர்முகமும் உண்டு. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின் பாளையங்களின் கோட்டைகளும் கருவிகளும் பறிக்கப்பட்டன. 1801இல் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் எழுந்தபோது, பீரங்கியை எதிர்த்து மண்கோட்டையின் பிளவில் நெடுவேல் ஏந்தி நின்றவர்களைப் பகைவரே வியந்து எழுதினர். அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1ஆம் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிவிக்கை, மக்கள் படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பிந்தைய 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் விதை அதில் உள்ளது எனலாம். வேலு நாச்சியாரின் படையில் நின்று சிவகங்கை மருந்துக்கிடங்கைத் தன்னுடலோடு எரித்த குயிலியின் கதையை மக்கள் மரபு இன்றளவும் காத்துவருவதும் இப்பின்னணியில்தான் விளங்கும். மருந்து தம்மிடம் இல்லாதவர்களின் வீரக்கதை, பகைவரின் மருந்தை அழிப்பதாகவே அமைய முடியும்.

தடையின் இடுக்கில் எஞ்சியது வேட்டைத் துப்பாக்கி. நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கியை நம்முள் மூத்தவர் கண்டிருப்பர். குழல்வாயில் கரிமருந்து, அதன்மேல் நார் அடைப்பு, அதன்மேல் பால்ரஸ், மீண்டும் அடைப்பு, பின்னே ஒரு வெடித்தொப்பி: காகிதத் தோட்டாவுக்கும் முந்திய முறையை இருபதாம் நூற்றாண்டுவரை கைவிடாது காத்தவர் அவரே. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. காட்டுயிரைக் காக்க அது தேவையே. ஆனால் கருவி போனபின் பிழைப்புக்கு வழி என்ன என்ற வினாவிற்கு விடை காலந்தாழ்ந்தே வந்தது. அச்சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்தில் 2022 டிசம்பரில்தான் நிறைவேறியது.

நம் வாசலில்

இவையெல்லாம் பழங்கதை என்று நாம் அமைதி கொள்ள இயலாது. வடசென்னையில் பட்டாளம் என்று ஓர் ஊர் இருக்கிறது; பெரம்பூர் பாரக்ஸ் சாலை இருக்கிறது; புளியந்தோப்புப் பக்கம் பவுடர் மில் சாலை இருக்கிறது. படை போய்விட்டது, மருந்தின் பெயர் தெருவில் தங்கிவிட்டது.

பெயர் மட்டுந்தானா தங்கிற்று? 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். அந்நாளில்தான் நமக்கொரு செய்தி தெரிந்தது: 2015இல் கைப்பற்றப்பட்ட அதே பொருள் ஏறத்தாழ 697 டன், 37 கொள்கலன்களில், நம் சாத்தாங்காட்டை அடுத்த மணலியின் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் இருந்தது. அம்மாதமே அது பகுதி பகுதியாக ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது, நல்லதே. ஆனால் ஏறத்தாழ ஐந்தாண்டு, அதன் பக்கத்தில் நடந்து வேலைக்குப் போனவரும் சுமை ஏற்றியவரும் உறங்கிய குழந்தையும் அதை அறியார். வெடியுப்பும் நைட்ரேட்டே; இதுவும் நைட்ரேட்டே. டம்டம்மின் சிப்பாய் கேட்ட வினாவை நம் பகுதியார் கேட்கக்கூட வாய்ப்பில்லாதிருந்தது.

சிவகாசிப் பக்கம் பட்டாசுத் தொழிலாளர் இன்றும் சொல்வது 'மருந்து' என்றே. மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும்போது உராய்வு என்று நாளேடுகள் எழுதும் வரிகளில், சீனத் துறவியின் சுட்ட கைமுதல் புள்ளலூரின் வண்டியோட்டிவரை எல்லாரும் வந்து நிற்கின்றனர்.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்

போரைப் பாடுவது நம் மரபு, அதில் பிழையில்லை. ஆயின் ஔவையார் வேலைப் பார்த்த கண்ணோடு இன்றைய கவிஞர் மருந்தைப் பார்த்தால், வென்றவனையும் தோற்றவனையும் தாண்டி மூன்றாமவன் ஒருவன் தென்படுவான். அவன் சுடவில்லை, சுமந்தான். நம் வட்டத்து அன்பர்களுள் பலர் இரும்பு வளாகத்திலும் துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் பகலெல்லாம் சுமையோடு வாழ்ந்து மாலையில் கவிதையோடு வருபவர்கள். அந்த மூன்றாமவனை எழுதும் தகுதி வேறெவரையும்விட அவர்களுக்கே மிகுதி. சுமப்பவனிடம் அவன் சுமப்பது இன்னதென்று சொல்லப்பட வேண்டும் என்ற ஒரு நேர்மையை நம் பாட்டு வற்புறுத்துமானால், மருந்து என்னும் சொல் மீண்டும் தன் பழைய பொருளைப் பெறும்.